தோட்டமும் ஆஸ்பத்திரியும்: புதுவைக் கலாசாலைகள் செய்ய வேண்டியது

பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வெளியாகும் மாதத்தில் புதுவை நகரத்தில் வேறு பேச்சே கிடையாது. சென்டாக் வரிசையில் எத்தனையாவது எண், மருத்துவம் கிடைக்குமா, கிடைக்காவிடில் பல் வைத்தியமா, அதுவும் இல்லையேல் என்ஜினீயரிங்கா என்பதுதான் கடைத்தெருவிலும் கடற்கரையிலும் நடக்கும் சம்பாஷணை. இந்தச் சந்தடியில், கலாசாலை விளம்பரங்களின் அடியில் சிறு எழுத்தில் நிற்கும் சில படிப்புகளை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தோட்டக்கலை என்று சொன்னால், "மகனைத் தோட்டக்காரனாக்கவா இவ்வளவு செலவு செய்தேன்?" என்கிறார் தகப்பனார். ஆஸ்பத்திரி நிர்வாகம் என்றால், "டாக்டருக்குக் கணக்கெழுதும் வேலைதானே?" என்று தள்ளிவிடுகிறார். இந்த அலட்சியத்தினால் நமது ஊர் அடைந்திருக்கும் நஷ்டம் சிறிதன்று. அதைப் பற்றியே இன்று எழுத முற்பட்டோம்.

இந்தியாவில் எத்தனையோ பெரிய நகரங்களுக்கு இல்லாத ஒரு பாக்கியம் புதுவைக்கு உண்டு. 1823-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு சர்க்கார் இங்கே ஒரு வைத்தியப் பள்ளியை ஏற்படுத்தினார்கள். சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆங்கிலேயர்கள் மருத்துவக் கலாசாலைகளை ஆரம்பித்தது 1835-ல்தான். வைத்தியப் பள்ளி தோன்றி மூன்று வருஷம் கழித்து, 1826-ல், நகரின் தென்மேற்குப் பாகத்தில் தாவரவியல் தோட்டம் அமைந்தது. நம்மீது கொண்ட கருணையால் அந்நியர் இவற்றை ஸ்தாபித்தார்கள் என்று எண்ணுவதற்கில்லை. தங்கள் வியாபாரத்துக்கு உதவக்கூடிய பயிர் எது, இந்த மண்ணில் பிடிக்கும் அந்நிய மரம் எது என்று சோதித்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு தோட்டம் வேண்டியிருந்தது. தங்கள் நிர்வாகத்துக்கு உதவியாய் உள்ளூர் வைத்தியர்களும் வேண்டியிருந்தார்கள் என்பதே நமது எண்ணம். நோக்கம் எதுவாயினும், காரியத்தில் அவர்கள் சோடை போகவில்லை. செனகல் நாட்டிலும் நீலகிரியிலும் அலைந்து செடி கொடிகளைச் சேகரித்த ழார்ழ் சாமுவேல் பெரோத்தே என்ற பண்டிதரை இத்தோட்டத்துக்கு அதிபதியாக்கினார்கள். அவர் நெடுங்காலம் இதைப் பேணி, 1870-ல் இவ்வூரிலேயே காலஞ்சென்றார்.

செடியின் ஞானமும் வைத்தியத்தின் ஞானமும் தமிழர் ஒருவரிடத்தில் ஒன்று சேர்ந்ததும் இந்த ஊரில்தான். புதுவை டாக்டர் பரமானந்த மரியதாசு, இந்திய மூலிகைத் தோட்டம் என்று பொருள்படும் தலைப்பில் 1913-ல் ஒரு நூல் வெளியிட்டார். நூல் பிரெஞ்சு பாஷையில் இருந்தது. அவர் வர்ணித்த செடிகளை நாள்தோறும் பறித்துக் கஷாயம் வைத்த நமது கிராமத்து ஜனங்களுக்கு அதில் ஓர் எழுத்தும் எட்டியிராது. பாஷையின் விஷயத்துக்குப் பின்னால் வருவோம்.

இரண்டு நூற்றாண்டுகளில் இவ்விரு ஸ்தாபனங்களுக்கும் நேர்ந்த கதியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1954-ல் கீழூரில் நமது பிரதிநிதிகள் வாக்களித்து, அவ்வருஷம் நவம்பர் முதல் தேதி இந்திய சர்க்காரிடம் புதுவை வந்து சேர்ந்தபின், பழைய வைத்தியப் பள்ளி 1956-ல் தன்வந்தரி மருத்துவக் கலாசாலையாயிற்று; 1964-ல் ஜிப்மர் ஆயிற்று; 2008-ல் பாராளுமன்றத்தின் தனிச் சட்டத்தினால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக உயர்ந்தது. தோட்டமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுமார் 22 ஏக்கர் நிலத்தில் அரிய மரங்கள் நிற்கின்றன. மாலையில் குழந்தைகளுடன் உலாவ ஜனங்கள் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒன்று வளர்ந்து மற்றொன்று ஏன் நின்றுவிட்டது? வைத்தியப் பள்ளிக்கு ஆரம்பமுதல் மாணாக்கர்கள் இருந்தார்கள். மாணாக்கர் இருந்ததால் ஆசிரியர் தேவைப்பட்டார். ஆசிரியர் இருந்ததால் பட்ஜெட்டில் ஒரு வரி நிலைத்து நின்றது. தோட்டத்தில் மேற்பார்வையாளரும் கூலியாட்களும் இருந்தார்கள். அதைச் சார்ந்து ஒரு மாணாக்கர் பரம்பரை உண்டாகவில்லை. கற்பிக்காத தோட்டம் பூங்காவாகி விடுகிறது.

சிங்கப்பூரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அங்குள்ள தாவரவியல் தோட்டம் 1859-ல் உண்டாயிற்று. நமது தோட்டத்துக்கு 33 வருஷம் இளையது. 1877-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் அங்கே போய்ச் சேர்ந்தன. 1888-ல் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரம் பட்டுப் போகாதபடி பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் கண்டுபிடித்தார். மலேயா நாட்டின் செல்வமே அதிலிருந்து எழுந்தது. அந்த ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் பால் எடுக்கப் போனவர்கள் யார் என்று தமிழ் நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உடலுழைப்பு தமிழனுடையதாயிருக்க, வித்தை பிறரிடம் இருந்தது. சுயராஜ்யம் பெற்ற சிங்கப்பூர் பிறகு அந்த வித்தையையும் விடவில்லை. லீ குவான் யூ 1963-ல் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். தோட்ட நகரம் என்ற கொள்கை 1967-ல் பிறந்தது. எந்தச் சாலையில் எந்த மரம் என்பதைத் தேர்ந்த உத்தியோகஸ்தர்கள் வகுத்தார்கள். 2015-ல் யுனெஸ்கோ அந்தத் தோட்டத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

இங்கே லாண்ட்ஸ்கேப்பிங் என்று ஆங்கிலத்தில் வழங்கும் தொழிலைக் குறித்து ஒரு தவறான அபிப்பிராயம் பரவியிருக்கிறது. பணக்காரர் பங்களாவின் முன்னால் புல் விரித்து, குரோட்டன்ஸ் வைத்து, நீரூற்று ஒன்று பீச்சுவதே அது என்று பலர் நினைக்கிறார்கள். புதுவைவாசிகளுக்கு அதன் மெய்யான பொருளைப் புயல்களே கற்பித்திருக்கின்றன. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் நமது கரையைத் தாக்கியபோது வீதிகளிலும் தோட்டங்களிலும் மரங்கள் வேரோடு சாய்ந்ததை மறந்தவர் யார்? 2016 டிசம்பரில் சென்னையை வர்தா புயல் அடித்தபோதும் குல்மொஹர் போன்ற அழகுக்கு நட்ட அந்நிய மரங்களே பெருமளவில் விழுந்தன என்பதைப் பலரும் எடுத்துக் காட்டினார்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரே நாளில் கொட்டிய மழை அரை மீட்டரை நெருங்கியது. தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் நின்ற தண்ணீர் எளிதில் வடியவில்லை. எந்த மரத்தின் வேர் எவ்வளவு ஆழம் போகும், கடற்காற்றைப் புன்னையும் பூவரசும் எப்படித் தாங்குகின்றன, ஒரு வீதியின் மழைநீர் எந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டும், எந்த வெளியில் சிமெண்டு போடலாகாது என்று அறிந்து ஊரை வகுப்பதுதான் இந்த வித்தை. இதற்குப் படித்தவர் நகரசபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கமிஷனரைக் கேட்கும் உரிமை வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

கற்பிக்க ஆளில்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. நகருக்கு வடக்கே, 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது, மழையில் அரித்துச் செம்மண் ஓடைகளாய்ப் பிளந்து கிடந்த மேட்டு நிலம் இன்று காடாயிருக்கிறது. கரை போட்டு மழைநீரை நிறுத்தி, இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைக் காட்டின் மரங்களைத் தேடி விதை சேகரித்து நட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுள் பிச்சாண்டிக்குளம் வனத்தைச் சேர்ந்தவர்கள்தாம் சென்னையில் குப்பை மேடாயிருந்த அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கரை, 2011-ல் திறக்கப்பட்ட பூங்காவாக மாற்ற வழிகாட்டியவர்கள். கடற்கரைக்கு அருகில் 1955-ல் ஏற்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தின் உலர்தாவரச் சேகரத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் பெயரிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. குரும்பாப்பேட்டில் காமராஜர் பெயரால் உழவர் பயிற்சி நிலையம் இருக்கிறது. காரைக்காலில் 1987 முதல் விவசாயக் கலாசாலை நடைபெறுகிறது. ஆனால் அது நமக்குச் சுமார் 130 கிலோமீட்டர் தூரம். தோட்டம் ஓரிடம், தாவரச் சேகரம் ஓரிடம், காடு வளர்த்த அனுபவம் ஓரிடம், கலாசாலை வேறிடம். நான்கையும் ஒரு பாடத்திட்டத்தில் இணைக்க ஒரு சர்க்கார் உத்தரவும் இரண்டு மூன்று ஒப்பந்தங்களும் போதும். புதிதாய்க் கட்டிடம் எழுப்பிக் கல்வெட்டுப் பதிக்கும் செலவு மிச்சம். ஒருவேளை அதனால்தான் ஒருவருக்கும் உற்சாகம் இல்லையோ என்னவோ!

இனி ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கவனிப்போம். இதில் இருக்கும் அபாயம் இன்னும் பெரியது.

2017-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் மருத்துவக் கலாசாலை ஆஸ்பத்திரியில் பிராணவாயு வழங்கல் தடைப்பட்டது. அந்நாட்களில் அங்கே பல குழந்தைகள் மாண்டார்கள். சாவுக்குக் காரணம் அதுவல்ல, நோயே என்று அந்த மாகாண சர்க்கார் வாதித்தார்கள். அந்த வாதம் எப்படியாயினும், பிராணவாயு அனுப்பும் கம்பெனிக்குப் பணம் பாக்கியிருந்ததும், அதைக் கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டிருந்ததும் மறுக்கப்படவில்லை. அங்கே டாக்டர்கள் இருந்தார்கள், படுக்கைகள் இருந்தன. ஒரு பில், ஒரு கையெழுத்து, ஒரு கையிருப்புப் புஸ்தகம் ஆகிய இவற்றை வேளைக்குப் பார்த்து அபாயச் சங்கு ஊதும் நிர்வாகம் இல்லை. இதற்கு முன், 2011 டிசம்பரில், கல்கத்தாவில் பிரபலமான ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நிலவறையில் தீப்பிடித்து மேல்மாடிகளுக்குப் புகை ஏறியதில் சுமார் தொண்ணூறு பேர் இறந்தார்கள். எரியும் சாமான்களை வைக்கக் கூடாத இடத்தில் வைத்திருந்தார்கள். டாக்டரின் சாமர்த்தியம் இவ்விரண்டு இடத்திலும் என்ன செய்யும்?

நல்ல நிர்வாகம் என்ன சாதிக்கும் என்பதற்குத் தமிழ் நாடே உலகுக்கு உதாரணம் காட்டியிருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். டாக்டரின் நேரம் அறுவைக்கு மட்டுமே செலவாக வேண்டும். நோயாளியை வரவேற்பது, பரிசோதிப்பது, பதிவது, அறைக்கு அழைத்துச் செல்வது எல்லாம் பயிற்சி பெற்ற வேறு கைகள் செய்ய வேண்டும் என்று வகுத்தார். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டு வருஷம் பயிற்றினார். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுத்தது, முடியாதவருக்கும் சேர்த்துப் போதுமானதாயிற்று. 1992-ல் அவர்கள் தொடங்கிய பயிற்சி நிலையத்துக்கு, கண் ஆஸ்பத்திரி நடத்தும் முறையைக் கற்க அந்நிய தேசங்களிலிருந்தும் வருகிறார்கள். அதே ஸ்தாபனத்தின் கிளை 2003 முதல் நம்முடைய தவளக்குப்பத்திலேயே நடக்கிறது. தூரதேசத்தார் விமானம் ஏறி வந்து படிக்கும் பாடத்தை நாம் கடலூர் பஸ்ஸின் ஜன்னல் வழியாய்ப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

புதுவை நகரைச் சுற்றி மட்டும் சர்க்காருடையதும் தனியாருடையதுமாக எட்டு மருத்துவக் கலாசாலைகள் இருக்கின்றன. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி நமது பிரதேசம் முழுவதற்கும் பன்னிரண்டரை லட்சம் பேரே. ஆகவே இந்த ஆஸ்பத்திரிகளை நாடி வருபவர்களில் பெரும் பகுதியினர் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிச் சீமைகளின் ஏழைக் குடியானவர்கள். விடிவதற்கு முன்பே கோரிமேட்டில் வந்திறங்கி, எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சீட்டு வாங்குவது, எந்தக் கட்டிடத்துக்குப் போவது என்று தெரியாமல் ஒரு பகல் முழுதும் கழிக்கிறவர்கள். 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், இத்தகையவருக்கு உதவ ஆஸ்பத்திரிதோறும் ஆரோக்கிய மித்ரா என்ற பணியாளரை வைக்கச் சொல்கிறது. சிகிச்சைக்கு முன் அனுமதி பெறுவதும் பின்பு தஸ்தாவேஜுகளைச் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. தஸ்தாவேஜில் ஒரு பிழை நேர்ந்தால் பணம் வராது. பணம் வராவிட்டால் அடுத்த ஏழைக்குக் கதவு அடைபடும். இது கணக்கெழுதும் வேலையா?

ஆனால், நிர்வாகப் படிப்பு என்ற பெயரில் விற்பனையாகும் சரக்கெல்லாம் நிர்வாகத்தைக் கற்பிப்பதன்று. சென்ற வருஷம் பாகூர்ப் பக்கத்துத் தகப்பனார் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். நிலத்தின் பேரில் கடன் வாங்கி, வெளியூர்த் தனியார் கலாசாலை ஒன்றில் மகளை மூன்று வருஷம் ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்க வைத்தவர். அந்தப் பெண் மூன்று வருஷத்தில் ஆஸ்பத்திரிக்குள் இருந்த நாட்கள் இருபது. அந்த இருபதும் பில் போடும் ஜன்னலுக்குப் பின்னால். வேலை கேட்டுப் போன இடத்தில், மருந்துக் கிடங்கின் கையிருப்பை எப்படிச் சரிபார்ப்பாய் என்று கேட்டபோது பதில் தெரியவில்லை. அவள் மீது குற்றமில்லை. புதுவைச் சர்வகலாசாலை தொலைதூரக் கல்வியின் வழியே ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் எம்.பி.ஏ. பட்டம் அளித்து வந்திருக்கிறது. ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்ப்பவருக்கு அது மிகவும் பிரயோஜனமான ஏற்பாடு. ஆஸ்பத்திரியையே பார்த்திராத இருபது வயதுப் பிள்ளைக்கு அத்தகைய வழி பொருந்தாது. நீச்சலைத் தபாலில் கற்க முடியுமா?

வழி இல்லாமலில்லை. தொழிலுக்கேற்ற கல்வி என்ற யோசனைக்கே புதுவை முன்னோடி. சமுதாயக் கல்லூரி என்ற முறையை 1995-லேயே நமது சர்வகலாசாலை லாஸ்பேட்டையில் தொடங்கியது. 2014-ல் யு.ஜி.சி. வகுத்த பி.வோக். திட்டத்தில், ஒரு வருஷம் படித்தால் டிப்ளமோ, இரண்டு வருஷத்துக்கு மேல்நிலை டிப்ளமோ, மூன்று வருஷம் முடித்தால் பட்டம். குடும்பக் கஷ்டத்தால் நடுவில் நிற்பவன் வெறுங்கையோடு போவதில்லை. நூற்றுக்கு அறுபது பங்கு செய்முறைப் பயிற்சி என்றும் அதில் விதித்திருக்கிறார்கள். அந்த அறுபது பங்கு எங்கே நடக்கிறது என்பதுதான் கேள்வி. தோட்டக்கலைக்கு அது தாவரவியல் தோட்டத்தின் நாற்றங்காலிலும் ஆரோவில் காட்டிலும் நடக்க வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வார்டிலும் மருந்துக் கிடங்கிலும் கழிவு அகற்றும் கொட்டகையிலும் இரவு வேளையிலும் நடக்க வேண்டும். 2021-ல் நிறைவேறிய சுகாதாரத் துணைத்தொழில் சட்டம், ஆஸ்பத்திரித் தகவல்களையும் ஆவணங்களையும் பராமரிப்போரைத் தனித் தொழில் வகுப்பாக ஏற்றுக்கொண்டு, அச்சட்டத்தில் சேர்ந்த துணைத்தொழிலுக்குக் குறைந்தது 2,000 மணி நேரமும், பட்டப்படிப்புள்ள தொழிலுக்கு 3,600 மணி நேரமும் கல்வி வேண்டும் என்று விதிக்கிறது. நிர்வாகப் படிப்புகளையும் அதே அளவுகோலால் அளந்து பார்க்கட்டும்.

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது நாட்டில் ஒரு படிப்பின் தலைவிதி வகுப்பறையில் தீர்மானமாவதில்லை. நியமன விதிகளில் தீர்மானமாகிறது. சர்க்கார் உத்தியோகம் ஒவ்வொன்றுக்கும் இன்ன தகுதி வேண்டும் என்று எழுதிய விதி உண்டு. அந்த விதியில் படிப்பின் பெயர் இல்லாவிட்டால், தங்கப் பதக்கம் வாங்கியிருந்தாலும் விண்ணப்பம் முதல் பரிசீலனையிலேயே தள்ளப்படும். கோர்ட்டுக்குப் போனாலும், விதியை மாற்றுவது சர்க்காரின் வேலை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆகவே, புதுப் படிப்பைத் திறந்துவைக்கும் மந்திரி அதே நாளில் நியமன விதியின் திருத்தத்தையும் கெஜட்டில் வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். பொதுப்பணி இலாகாவிலும் நகரசபைகளிலும் பூங்காக்களையும் வீதி மரங்களையும் கவனிக்கும் பதவிகளுக்குத் தோட்டக்கலைப் படிப்பையும், சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் கிடங்கு, பதிவேடு, காப்பீட்டுப் பிரிவுகளுக்கு நிர்வாகப் படிப்பையும் தகுதியாகச் சேர்க்க வேண்டும். பூங்காப் பராமரிப்பைக் குத்தகைக்கு விடும்போது, படித்துத் தேறியவர் ஒருவரைக் குத்தகைதாரர் வைத்திருக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு ஷரத்து சேர்ப்பதற்குச் சட்டசபையின் அனுமதி கூடத் தேவையில்லை.

பாஷையைப் பற்றிச் சொல்வதாய் முன்பு கூறினோம். இவ்விரண்டு தொழில்களும் ஜனங்களோடு பேசி நடக்க வேண்டியவை. கூடப்பாக்கத்து விவசாயி நெல்லை விட்டு மல்லிகைக்கோ கொய்யாவுக்கோ மாறலாமா என்று கேட்கும்போதும், வார்டில் நிற்கும் கிழவிக்குக் காப்பீட்டுப் படிவத்தை விளக்கும்போதும் ஆங்கிலச் சொற்கோவை பயன்படாது. ஆங்கிலம் படித்த நாம் ஆங்கிலத்தின் பேரில் துவேஷம் கொண்டு இதைச் சொல்லவில்லை. மேல்நூல்களை ஆங்கிலத்தில் படிக்கட்டும். பாடத்தைத் தமிழில் நடத்தி, பரீட்சையைத் தமிழில் எழுதவும் இடம் கொடுக்க வேண்டும். டாக்டர் மரியதாசுவின் நூலுக்கு நேர்ந்தது இனி எழுதப்படும் புதுவை நூல்களுக்கும் நேரலாகாது.

மருத்துவ இடங்களுக்காக நமது கட்சித் தொண்டர்கள் ஊர்வலம் போகிறார்கள், உண்ணாவிரதம் இருக்கிறார்கள், அது நியாயமே. ஆனால் அந்த இடங்கள் சில நூறு. வெளியே நிற்கும் பிள்ளைகள் பல ஆயிரம். அவர்களுக்காகக் கேட்கப்பட வேண்டிய கேள்விகளைச் சட்டசபையில் எந்தக் கட்சி எழுப்புகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறோம். இதற்கிடையில் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வரும் சேர்க்கைக் காலத்தில் இப்படிப்புகளுக்குப் பணம் கட்டுமுன் கலாசாலைக் காரியாலயத்தில் மூன்று சங்கதிகளை எழுத்து மூலம் கேளுங்கள்: செய்முறைப் பயிற்சி எந்தத் தோட்டத்தில் அல்லது எந்த ஆஸ்பத்திரியில், மொத்தம் எத்தனை மணி நேரம், அந்த ஸ்தாபனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகல் எங்கே? நகலைக் காட்ட மறுத்தால் பணத்தைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டு வந்துவிடுங்கள்.